விலை வாங்காத எழுதுகோல்: லுத்தரின் திருமறைப் பணியும் நன்றியுணர்வும்

நிலத்தையும் பொருளையும் உரிமை கொண்டாடுவதுபோல் சிந்தனையையும் ஒருவர் உரிமை கொண்டாட இயலுமா என்னும் வினா, நீதிமன்றங்களில் மட்டுமன்றித் திருச்சபையின் முற்றத்திலும் இன்று எழுந்து நிற்கிறது. ஒருவர் இயற்றிய கீர்த்தனையை மற்றொருவர் தம் குழுவினரைக் கொண்டு பாடிப் பதிவு செய்யலாமா? ஓர் ஆயர் அரும்பாடுபட்டு ஆயத்தம் செய்த அருளுரையை இன்னோர் ஆயர் தம் பிரசங்கபீடத்தில் பயன்படுத்தலாமா? ஞாயிறு பள்ளிக்கென ஓர் ஆசிரியை எழுதிய நாடகத்தை அண்டைச் சேகரத்தார் அவர் பெயரைக் குறிப்பிடாமலே நடிக்கலாமா? இத்தகைய வினாக்களுக்குச் சட்டம் ஒருவாறு விடை கூறும். அவ்விடையை நாம் மதித்து நடக்க வேண்டியவர்களே. ஆயினும், சட்டம் தொடாத ஓர் ஆழம் இவ்வினாக்களில் உண்டு. அதனை அறிய வரலாற்றின் துணையை நாடுவது நலம்.

நம் ஆண்டவர் பன்னிருவரைத் திருப்பணிக்கு அனுப்பியபோது, இலவசமாய்ப் பெற்றவர்கள் இலவசமாகவே கொடுக்க வேண்டும் எனப் பணித்ததை மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். இக்கட்டளையில் கொடுத்தல் இரண்டாவதாக நிற்கிறது. பெறுதலே முதலாவதாக நிற்கிறது. இவ்வரிசையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தான் பெற்றவன் என்பதை மறந்து கொடுப்பவன் வள்ளல் என்னும் பெயரை விரும்புகிறான். தான் பெற்றவன் என்பதை நினைந்து கொடுப்பவனோ கடன் தீர்ப்பவனைப்போல் கொடுக்கிறான். சிந்தனைச் செல்வத்தைத் தாராளமாய்ப் பகிர்தல் என்பது நன்றியுணர்வின் கனி என்னும் இவ்வுண்மையை, மார்ட்டின் லுத்தர் (1483–1546) செருமானிய மொழியில் திருமறையைப் பெயர்த்தளித்த வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அவர் பெற்றுக்கொண்டவை

1521ஆம் ஆண்டு மே மாதம் முதல் 1522ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை லுத்தர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்தார். 1521 டிசம்பரில் தொடங்கி ஏறத்தாழப் பதினொரு வாரங்களில் புதிய ஏற்பாடு முழுவதையும் அவர் மொழிபெயர்த்து முடித்தார் என்பது யாவரும் அறிந்ததே. தனியொரு மனிதர் தனியறையில் தம் ஆற்றலால் செய்து முடித்த அருஞ்செயல் என இதனைப் புகழ்வது வழக்கம். அப்புகழ்ச்சி முழு உண்மை அன்று. அவருடைய மேசைமீது எவை இருந்தன என்று நோக்குவோமாயின், அவ்வறையில் அவர் தனித்திருக்கவில்லை என்பது புலனாகும்.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516இல் முதன்முதல் அச்சிட்டு வெளியிட்டவர் எராஸ்முஸ் என்னும் பேரறிஞர். 1519இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பையே லுத்தர் பயன்படுத்தினார். பின்னாளில் இவ்விருவரும் மனித சித்தத்தின் சுயாதீனத்தைக் குறித்துக் கடுமையாக முரண்பட்டனர். எனினும் ஒருவர் தந்த மூலத்தின்மீதே மற்றவரின் பெயர்ப்பு நின்றது. எபிரெய மொழியைக் கற்க அவருக்குத் துணை செய்த நூல்களுள் முதன்மையானது யோகான் ராய்க்லின் 1506இல் வெளியிட்ட இலக்கண நூலாகும். பழைய ஏற்பாட்டுப் பணியின்போது அவர் கையாண்ட எபிரெயத் திருமறையோ, கெர்ஷோம் சொன்சினோ என்னும் யூத அச்சகத்தார் இத்தாலியிலுள்ள பிரேசியா நகரில் 1494இல் அச்சிட்டதாகும். இச்செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

நூல்களிடமிருந்து மட்டும் அவர் கடன் வாங்கவில்லை. வார்ட்பர்க்கிலிருந்து திரும்பியதும் கிரேக்கப் பேராசிரியர் மெலாங்தனுடன் அமர்ந்து தம் பெயர்ப்பைத் திருத்தினார். பழைய ஏற்பாட்டுப் பணியில் எபிரெய ஆசிரியர் அவுரோகல்லுஸ் உடனிருந்தார். யோபுவின் நூலைப் பெயர்க்கையில் நான்கு நாள்களில் மூன்று வரிகளைக்கூட முடிக்க இயலாத நிலை சிலபோது ஏற்பட்டதாக லுத்தரே எழுதியுள்ளார். வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் இரத்தினங்களின் பெயரும் நிறமும் தெளிவாகத் தெரியவேண்டி, அரசவையிலிருந்த நண்பர் ஸ்பாலாத்தினுக்கு எழுதிக் கேட்டார். பலிகளைப் பற்றிய பகுதிகளைப் பெயர்க்கும்போது, இறைச்சிக் கடைக்காரர் ஒருவரைக்கொண்டு ஆட்டை அறுக்கச் செய்து, ஒவ்வோர் உறுப்பிற்கும் மக்கள் வழங்கும் பெயரைக் கேட்டறிந்தார் என்பது அவருடைய மாணாக்கர் மத்தேசியுஸ் தரும் செய்தி. இல்லத்திலுள்ள தாய், தெருவில் விளையாடும் பிள்ளை, சந்தையில் நிற்கும் எளியவன் ஆகியோரின் வாய்மொழியைக் கவனித்தே எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே, லுத்தரின் திருமறை என நாம் அழைக்கும் நூலில் லுத்தருக்கே உரியது எது, பிறரிடமிருந்து வந்தது எது எனக் கோடு கிழித்துப் பிரிப்பது அரிது.

2. அவர் கொடுத்தவை

1522 செப்டம்பரில் அந்நூல் விற்றன்பர்க் நகரில் வெளிவந்தது. ஓவியர் லூக்காஸ் கிரானாக்கும் பொற்கொல்லர் கிறிஸ்தியான் டூரிங்கும் வெளியீட்டாளர்கள். இளைய மெல்கியோர் லாத்தர் அச்சிட்டார். அதன் தலைப்புப் பக்கத்தில் நூலின் பெயரும் ஊரின் பெயரும் இருந்தனவேயன்றி, மொழிபெயர்த்தவரின் பெயர் இடம் பெறவில்லை. பேரரசரின் தடையாணைக்கு உட்பட்டிருந்த ஒருவர் பெயரை மறைத்தது முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம் என ஒருவர் கூறக்கூடும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தம் எழுத்துகளுக்கென அவர் அச்சகத்தாரிடம் ஊதியம் ஏதும் பெற்றதில்லை என்பது உறுதி. தமக்கு இலவசமாய் வந்ததை இலவசமாய் அளித்ததாகவும், அதற்கென எதையும் விரும்பவில்லை என்றும், தம் ஆண்டவர் தமக்குப் பன்மடங்கு ஈடு செய்துவிட்டார் என்றும் 1541ஆம் ஆண்டுத் திருமறைப் பதிப்பில் அச்சகத்தாருக்கு விடுத்த எச்சரிக்கையில் அவர் குறிப்பிட்டுள்ளார். நற்செய்தியின் மொழியிலேயே அவர் தம் வாழ்வின் கணக்கை முடித்தது கருதத்தக்கது.

அவர் இவ்வாறு கொடுத்ததனால் விளைந்தது யாது? செப்டம்பரில் வந்த பதிப்பு விரைவில் விற்றுத் தீர, டிசம்பரிலேயே மறுபதிப்பு தேவைப்பட்டது. அதே டிசம்பரில் பாசல் நகரத்து ஆதாம் பெத்ரி என்னும் அச்சகத்தார் யாருடைய அனுமதியையும் கேளாமல் அதனை அச்சிட்டார். பதிப்புரிமைச் சட்டம் என ஒன்று அக்காலத்தில் இல்லை. லுத்தரின் சொற்கள் பல தென்னாட்டு மக்களுக்கு விளங்கவில்லை என்று கண்ட பெத்ரி, 1523இல் வெளியிட்ட பதிப்பில் அச்சொற்களுக்குப் பொருள் கூறும் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார். மூல ஆசிரியர் செய்யாத உதவியை, கேளாமல் எடுத்தவர் செய்தார். வடபுலத்து மக்களுக்கென அவர்களுடைய வட்டார மொழியில் அமைந்த திருமறை, லுத்தரின் பெயர்ப்பை அடியொற்றி, 1534இல் லூபெக் நகரில் வெளிவந்தது. விற்றன்பர்க்கில் ஹான்ஸ் லுஃப்ட் அச்சிட்ட முழுத் திருமறைக்குச் சில மாதங்கள் முன்னரே அது மக்கள் கையில் இருந்தது! விதைத்தவனின் வயலில் விளையுமுன் அண்டை வயலில் அறுவடையாயிற்று என்னலாம்.

3. அவர் கடிந்துகொண்டவை

இலவசமாய்க் கொடுப்பவர் எதையும் பொருட்படுத்தமாட்டார் எனக் கருதுவது தவறு. 1524இல் வெளியான பழைய ஏற்பாட்டின் ஒரு பகுதியில், ஆட்டுக்குட்டியும் கொடியும் ஒருபுறமும் தம் ரோசா மலர்ச் சின்னம் மறுபுறமுமாக இரு முத்திரைகளை லுத்தர் பொறிக்கச் செய்தார். தம் கை வழியாகச் சென்ற நூல் இதுவே என்பதற்கு அச்சின்னம் சான்று. ஏனெனில் பிழை மலிந்த போலிப் பதிப்புகள் பெருகியிருந்தன.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. அவருடைய லெந்துகால அருளுரைத் தொகுப்பு விற்றன்பர்க்கில் அச்சில் இருக்கும்போதே, அச்சுக்கோப்பவர் ஒருவர் கையெழுத்துப் படியின் ஒரு பகுதியைத் திருடி வெளியூருக்கு அனுப்பிவிட்டார். நூல் இங்கு முடியுமுன் அங்கே விற்பனைக்கு வந்துவிட்டது. லுத்தர் சினந்து எழுதினார். நூரன்பர்க் நகர மன்றத்தாருக்கும் முறையீடு அனுப்பினார். தமக்குப் பணம் வேண்டும் என்பதன்று அவருடைய வழக்கு. ஒருவருடைய உழைப்பையும் முதலையும் மற்றொருவர் களவாடுதல் வழிப்பறிக்கு ஒப்பானது என்பதும், முதலில் அச்சிடுபவர் தம் செலவை ஈட்டுமளவேனும் பிறர் பொறுத்திருக்கலாகாதா என்பதும், அவசரத்தில் அச்சிட்ட நூலில் தம் கருத்துத் தம்மாலேயே அடையாளம் காண இயலாதவாறு சிதைந்துவிட்டது என்பதுமே அவர் எழுப்பிய குறைகள்.

இங்கு நாம் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காண்கிறோம். தம் சிந்தனை பரவுவதை அவர் தடுக்கவில்லை. அது சிதைவதைத் தடுத்தார். தமக்குரிய பங்கை அவர் கேட்கவில்லை; அச்சகத்தில் உழைத்த எளியவரின் பங்கைக் கேட்டார். இலவசமாய்ப் பெற்றவருக்கும் கடமை உண்டு: பெற்றதைப் பழுதின்றிக் கைமாற்றுவதே அக்கடமை.

4. எம்சரின் திருமறை

அவருடைய தாராள மனப்பான்மையைச் சோதித்தறிய ஒரு நிகழ்ச்சியே போதுமானது. சாக்சனி நாட்டின் மற்றொரு பகுதியை ஆண்ட கோமகன் ஜார்ஜ், லுத்தரின் புதிய ஏற்பாட்டைத் தம் எல்லைக்குள் 1522இலேயே தடை செய்தார். அவருடைய அவையைச் சார்ந்த ஹிரோனிமுஸ் எம்சர் என்னும் குருவானவர், அப்பெயர்ப்பு பிழைகளால் நிறைந்தது என 1523இல் நூல் எழுதி வாதித்தார். அவரே 1527இல் டிரெஸ்டன் நகரில் ஒரு புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அதனை ஒப்பிட்டு நோக்கியோர் வியந்தனர். பெரும்பகுதி லுத்தரின் சொற்களே. முன்னுரைகளும் ஓரக்குறிப்புகளும் மட்டும் மாற்றப்பட்டிருந்தன. இலத்தீன் பெயர்ப்புக்கு ஏற்பச் சில இடங்கள் திருத்தப்பட்டிருந்தன.

1530இல் கோபர்க் கோட்டையிலிருந்து மொழிபெயர்ப்பைக் குறித்து எழுதிய திறந்த மடலில் லுத்தர் இதனைச் சுட்டிக்காட்டுகிறார். கேலியும் சினமும் அம்மடலில் இல்லாமல் இல்லை. தம் நூலைப் படிக்கக் கூடாதெனத் தடுத்துவிட்டு, அதே நூலை வேறு பெயரில் படிக்குமாறு பணிப்பது என்ன நேர்மை என்று அவர் வினவுகிறார். ஆனால் முடிவாக அவர் கூறுவதுதான் நம் கவனத்திற்குரியது: தம் பெயரின்றியேனும், தம் பகைவரின் பெயரிலேனும், தம் உழைப்பின் பயன் மக்களைச் சென்றடைவது தமக்குப் போதும் என்பதே அது. லுத்தரை வெறுத்தோரின் இல்லங்களிலும் லுத்தரின் சொற்களே வாசிக்கப்பட்டன. 1534இல் டீட்டன்பெர்கர் வெளியிட்ட கத்தோலிக்கத் திருமறையும் அவ்வழியே வந்தது. பெயரை இழந்தும் பணியை இழக்காத ஒருவரின் மனநிறைவு, பதவியும் பட்டமும் பாராட்டும் நாடும் நமக்கு எளிதில் கைகூடுவதன்று.

5. கொடுப்பவரைத் தாங்கியவர்கள்

லுத்தர் விலை வாங்காமல் எழுதியதைப் போற்றும் நாம், அவர் எவ்வாறு உண்டு வாழ்ந்தார் என்பதையும் கேட்டறிய வேண்டும். பல்கலைக்கழகப் பேராசிரியர் என்ற முறையில் அவருக்கு அரசின் ஊதியம் இருந்தது. 1525இல் திருமணமானபின் அது ஆண்டுக்கு 200 குல்டனாக உயர்த்தப்பட்டது. அவர் துணைவியார் கத்தரீனா தோட்டமும் கால்நடையும் பேணி, மாணாக்கருக்கு உணவும் உறைவிடமும் அளித்து, குடும்பத்தைத் தாங்கினார். கணவரின் எழுதுகோல் விலை வாங்காதிருந்ததற்கு மனைவியின் உழைப்பு ஒரு காரணம் என்பதை வரலாற்று நூல்கள் போதிய அளவு கூறுவதில்லை. மறுபுறம், அவர் எழுத்தால் அச்சகத்தார் செழித்தனர். ஹான்ஸ் லுஃப்ட் செல்வந்தராகிப் பின்னாளில் அந்நகரத்தின் தலைவராகவும் விளங்கினார். 1534இல் முழுத் திருமறை வெளிவந்தபோது, முதலிட்ட மூன்று புத்தக வணிகர்களின் நலனைக் காக்கக் கோமகனின் காப்புரிமை ஆணையும் பெறப்பட்டது.

எனவே, இலவசமாய்க் கொடு என்று படைப்பாளிக்கு உபதேசிப்பது மட்டும் போதாது. அவரைத் தாங்குகிற சமுதாயமும் வேண்டும். ஊதியமில்லாத உபதேசியாரிடம் பாட்டையும் நாடகத்தையும் இலவசமாய்க் கேட்டு வாங்கி, அவர் இல்லத்து அடுப்பைப் பற்றி ஒருபோதும் வினவாத சபை, கிருபையைப் பற்றிப் பேசுவதற்குத் தகுதி இழக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

6. நன்றி தவறிய இடம்

முன்னர்க் குறித்த 1494ஆம் ஆண்டு எபிரெயத் திருமறைக்கு இப்போது திரும்புவோம். யூத அச்சகத்தாரும், நூற்றாண்டுகளாய் அம்மூலத்தை எழுத்து மாறாமல் பேணிய யூத மறைநூலறிஞரும் இல்லையேல், லுத்தரின் பழைய ஏற்பாடு பிறந்திராது. அவ்வாறிருந்தும் 1543இல் அவர் யூதரைப் பழித்து எழுதிய நூலில், அவர்களுடைய தொழுகைக்கூடங்களை எரிக்கவும் அவர்களுடைய மன்றாட்டு நூல்களைப் பறிக்கவும் ஆட்சியாளருக்கு ஆலோசனை கூறினார். யாருடைய நூலைக் கொண்டு அவர் கற்றாரோ, அவர்களிடமிருந்தே நூலைப் பறிக்கச் சொன்னார்! அச்சொற்கள் இருபதாம் நூற்றாண்டில் யூதரை அழிக்க முனைந்தோரால் எடுத்தாளப்பட்டன. 1994இல் அமெரிக்க இவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபை அவ்வெழுத்துகளை வெளிப்படையாக மறுத்து வருத்தம் தெரிவித்தது.

இதனை மறைத்துவிட்டு லுத்தரின் தாராளத்தைப் புகழ்வது வரலாறு ஆகாது. எவரிடமிருந்து பெற்றோம் என்னும் நினைவு எங்கு அறுந்துபோகிறதோ, அங்குத் தாராளமும் அறுந்துபோகிறது என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று. ஆண்டவரிடமிருந்து பெற்றதை அவர் மறக்கவில்லை. அயலானிடமிருந்து பெற்றதை மறந்தார். இரண்டையும் ஒருங்கே நினைவதுதான் முழுமையான நன்றி.

7. நம் கைக்கு வந்த வரலாறு

அவர் கொடுத்தது நாடு கடந்து சென்றது. ஆங்கிலேயரான வில்லியம் டிண்டேல், தம் புதிய ஏற்பாட்டை 1526இல் செருமனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சிட்டார். லுத்தரின் பெயர்ப்பையும் முன்னுரைகளையும் தாராளமாய் எடுத்தாண்டார். 1536இல் டிண்டேல் கொல்லப்பட்டார். அவருடைய சொற்களோ 1611ஆம் ஆண்டு ஆங்கிலத் திருமறையில் பெருமளவு நிலைத்துவிட்டன. தேனிய மொழித் திருமறை லுத்தரின் பெயர்ப்பைத் தழுவி 1550இல் வெளிவந்தது. அத்தேனிய நாட்டின் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய லுத்தரன் திருப்பணியாளர்களே 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளுட்சோவும்.

சீகன்பால்கு தமிழ் கற்ற விதம் நாம் அறிந்ததே. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துகளை வரைந்தார். முதிய பள்ளியாசிரியர் ஒருவரும் அழகப்பன் என்னும் துபாசியும் அவருக்குச் சொல்லையும் வழக்கையும் கற்பித்தனர். ஆங்கிலேயக் கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தார் அச்சுப்பொறியை அனுப்பினர். ஹாலே நகரத்தார் தமிழ் எழுத்துகளை வார்த்தனுப்பினர். இவ்வாறு பலர் கைகள் கூடியதால் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் முற்றுப்பெற்றது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரை முடித்து 1719இல் அவர் மறைந்தார். சூல்ட்சே எஞ்சியதை முடித்து 1728இல் நிறைவு செய்தார். பின்வந்த பப்ரிசியுஸ் அதனை அடிப்படையாகக் கொண்டு முற்றிலும் செப்பனிட்டார்; அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சாயிற்று. பழைய ஏற்பாடு அச்சில் முற்றுப்பெற்றது 1796இல். அவரோ 1791இலேயே கண்மூடினார். பப்ரிசியுசின் சொற்களை அடித்தளமாகக் கொண்டே பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் எழுந்தது. இவர்களுள் ஒருவரும் முன்னவரின் பணியை அழித்துவிட்டுத் தொடங்கவில்லை. பின்னவர் தம் பணியைத் தொடக்கூடாதெனத் தடுக்கவும் இல்லை. தமிழ் கற்பித்த ஆசிரியர்களுள் பலருடைய பெயரோ எங்கும் பொறிக்கப்படவில்லை. ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் திருமறை திறக்கப்படும்போது, அப்பெயரறியாதோரின் ஈகையையும் நாம் திறக்கிறோம்.

8. நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றினின்று திருப்பணியாளராகிய நாம் கற்றுக்கொள்வன மூன்று.

முதலாவது, பெற்றதைச் சொல்லுதல். பிறருடைய அருளுரையிலிருந்தோ பாடலிலிருந்தோ ஒரு கருத்தை எடுப்போமாயின், அவர் பெயரைச் சபையார் கேட்கச் சொல்வதால் நம் மதிப்புக் குறையாது. எம்சரைப்போல் பெயரை நீக்கி எடுப்பது எளிது. ஆனால், லுத்தர் அதனைப் பொறுத்துக்கொண்டார் என்பதால் எம்சர் செய்தது நேர்மையாகிவிடாது. கொடுப்பவர் பெயரை விட்டுக்கொடுக்கலாம். எடுப்பவர் அதனைப் பறிக்கலாகாது.

இரண்டாவது, கைவசம் உள்ளதைத் திறந்து வைத்தல். நம்முள் பலர் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த அருளுரைக் குறிப்புகளையும், விடுமுறை வேதாகமப் பள்ளிப் பாடங்களையும், சபை வரலாற்றுக் குறிப்புகளையும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். அவை நம்மோடு மண்ணுக்குச் செல்லும். இளம் ஆயர் ஒருவர் வந்து கேட்கும்போது, அவர் நம்மைவிடச் சிறப்பாகப் பேசிவிடுவாரோ என்று தயங்குதல் நன்றி மறந்த உள்ளத்தின் அடையாளம். பாசல் நகரத்துப் பெத்ரி செய்ததுபோல், அவ்விளைஞர் நம் குறிப்பில் நாம் காணாத ஒன்றைச் சேர்க்கவும் கூடும்.

மூன்றாவது, உழைப்பவரைத் தாங்குதல். பாடலாசிரியர், இசைக்கலைஞர், எழுத்தாளர், அச்சுத் தொழிலாளர் ஆகியோருக்கு உரிய ஊதியத்தைச் சபை மனமுவந்து அளிக்குமாயின், அவர்களும் தம் ஈவை மனமுவந்து பகிர வழி பிறக்கும். ஈகையைக் கட்டாயப்படுத்துதல் ஈகையை அழித்தலாகும்.

நம்மிடமுள்ளவற்றுள் பெற்றுக்கொள்ளாதது எது எனக் கொரிந்து சபையாரை வினவிய பவுலடியாரின் கேள்வி, எழுதுகிற ஒவ்வொருவர் மேசைமீதும் இருக்கத்தக்கது. அக்கேள்விக்கு உண்மையான விடை கூறுபவர், தம் எழுத்தைத் தமதென்று பற்றிக்கொண்டிரார். தமக்குக் கற்பித்தவர்களின் பெயரை முதலில் எழுதிவிட்டு, எஞ்சியதை அடுத்தவர் கையில் கொடுப்பார். இக்கல்விச்சாலையிலிருந்து சபைகளுக்குச் செல்லும் மாணாக்கர்கள் இப்பழக்கத்தையும் உடன் எடுத்துச் செல்வார்களாக.